மூன்றாவது பை ஆறும்போது

ஜனவரி 6

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ போட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். போன தடவை வைத்தது நான். அதற்கு முந்தின தடவை நீ. அதனால் இனிமேல் எழுத்துதான். இதைப் பாதியில் வைக்க முடியாது, படித்துத்தான் தீரவேண்டும்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. ஆறு ஒத்தடப் பை. இது மூன்றாவது பார்சல். அம்மாவைப் பார்க்க நீ வந்து மூன்று வருடம் ஆகிறது. அதையும் வந்தது என்று சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு உனக்குப் பதிலாகப் பார்சல்தான் வருகிறது.

பை விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருக்கிற தகட்டை ‘டக்’கென்று அமுக்கினதும் தண்ணீர் மாதிரி இருந்தது வெள்ளை வெளேரென்று இறுகிக்கொண்டே போய்ச் சூடானது. அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மடங்கியே கிடக்கும் வலது கை விரல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் இளகியது. எல்லாம் சரி. நீ சொன்னபடி வெந்நீரில் போட்டு மறுபடி தண்ணீராக்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தால் கல். நான் தொடவே இல்லை, தகட்டை யாரும் அமுக்கவில்லை, தானாகவே இறுகி, சூட்டையெல்லாம் அலமாரிக்குக் கொடுத்துவிட்டு ஆறிக் கிடக்கிறது. ஆறில் நான்கு இப்படி. உங்கள் கம்பெனி கழித்துக் கட்டின சரக்கை எங்கள் தலையில் கட்டுகிறாயா?

இப்போது முக்கியமான விஷயம். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். மார்ச் 3, மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வயது வரம்பு பார்த்தால் எனக்கு இதுதான் கடைசி வருடம்.

மூன்று வருடம் நான் பார்த்தேன். ஒரு வருடம் நீ பார். வருவாயா?

தங்கை (இப்போதைக்கு)


ஜனவரி 15

அன்புள்ள வாலு,

நான் ‘அன்புள்ள’ போடுகிறேன், எனக்கு மனம் வருகிறது.

முதலில் பை. கழித்துக் கட்டின சரக்கு இல்லை. மேலே அச்சு கோணலாக விழுந்தவை, உள்ளே ஒரு குறையும் கிடையாது. தப்பு உன் கையில். நீ அவசரக்காரி. பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, பையை முக்கி, தண்ணீரானதும் போதுமென்று எடுத்திருப்பாய். அது போதாது.

உள்ளே இருப்பது சோடியம் அசிட்டேட் என்று ஒரு உப்பு, கொஞ்சம் தண்ணீரோடு. வினிகரில் சோடா உப்பைப் போட்டால் நுரைத்து அடங்கும் பார், அப்போது பிறக்கிற உப்பு அதுதான். ஐம்பத்தெட்டு டிகிரிக்கு மேலே போனால் உருகிவிடும். ஆறும்போது அதே ஐம்பத்தெட்டில் அது இறுகியிருக்க வேண்டும். ஆனால் இறுகாது. எந்த வரிசையில் கட்டிக்கொள்வது என்று காட்ட ஒரு மணி உப்பாவது முன்னால் இருந்தால்தான் மற்றது சேரும். இல்லாவிட்டால் வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகும் தண்ணீராகவே நிற்கும், மாதக்கணக்கில் நிற்கும். அந்தத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. அவற்றில் துளித்துளி உப்பு ஒளிந்திருக்கும். ‘டக்’கென்று வளைத்தால் அது வெளியே வரும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் கட்டிவிடும். அப்போது வருகிற சூடு புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை. நீ அடுப்பில் கொடுத்த சூடுதான் இத்தனை நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வருகிறது.

ஆகவே உருக்கும்போது ஒரு மணி மிச்சம் வைத்தாலும் போச்சு. ஓரத்துத் தையலுக்குள், மூலையில், கடுகில் கால்வாசி இருந்தால் போதும். ஆறினதும் தானாகக் கல்லாகிவிடும். உன் நான்கு பையிலும் நடந்தது அதுதான். பாத்திரத்தின் அடியில் பழைய துணி போடு (இல்லாவிட்டால் பை அடியில் ஒட்டி ஓட்டையாகும்). தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். பதினைந்து நிமிடம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார், வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இருக்கக்கூடாது. சந்தேகமென்றால் இன்னும் ஐந்து நிமிடம்.

இங்கே எனக்கு இதுதான் வேலை. உருக்கி ஆற வைத்த பைகளை ஒரு அறையில் எழுபத்திரண்டு மணி நேரம் அடுக்கி வைப்போம். தூங்கும் அறை என்று பெயர். ஜன்னல் கிடையாது. தட்டுத் தட்டாகப் போய் எது தானாக இறுகியிருக்கிறது என்று பார்த்து எடுக்கவேண்டும். ஒரு தொகுப்பை உள்ளே வைத்தவர்தான் எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும், நடுவில் ஆள் மாற்ற முடியாது. விடுதி கட்டடமும் அதே வளாகத்துக்குள்தான், ஆகவே வெளியே போகிற வேலையும் அதிகம் இல்லை.

பயிற்சி விஷயம் சந்தோஷம். லீவு கேட்டுப் பார்க்கிறேன், இப்போது கிடைப்பது கஷ்டம். இன்னும் நான்கு பை அனுப்பியிருக்கிறேன், பெரிய அளவு. துணி சுற்றி வைத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 24

அக்கா,

உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். ‘உப்பு’ என்ற சொல் ஐந்து தடவை வருகிறது. ‘அம்மா’ ஒரு தடவை, அதுவும் கடைசி வரியில், பஸ்ஸுக்கு ஓடுகிறவள் கையாட்டுவதுபோல.

ஆனால் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னபடி பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்தேன். ஒன்றுகூட இறுகவில்லை. தப்பு என் கையில்தான். திருப்தியா?

இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன். அம்மாவிடம் மிச்சமிருப்பவை மூன்று சொற்கள். ‘இருக்கு’, ‘வேணாம்’, ‘போ’. இந்த மூன்றை வைத்துக்கொண்டு என்னை ஆட்டிப் படைக்கிறாள். கடிகாரம் புரிவதில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவள், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை என்று தலைமையாசிரியரே சொல்லுவார். இப்போது சுவர்க் கடிகாரத்தைக் காட்டினால் முள்ளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பிறகு கண்ணை மூடிக்கொள்கிறாள். எனக்குத் தாங்காமல் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

கோபம் மட்டும் பழையபடி முழுசாக இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மணிக்கணக்கில் உம்மென்று உட்கார்ந்திருப்பாளே, அது அப்படியே. நோய்கூட அதைத் தொடப் பயந்துவிட்டது.

என் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? எழுப்புவது, துடைப்பது, ஊட்டுவது, கை கால் பயிற்சி, துணி, மறுபடி ஊட்டுவது. மதியம் அவள் தூங்கும் இருபத்தைந்து நிமிடத்தில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்கு ஓடி வருவேன். பூட்டினதும் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர், அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு துருப்பிடித்த ஆணி. அந்த ஆணியை எனக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் மாமா கதவைத் திறந்தால் அன்றைக்கு எனக்கு விருந்தாளி வந்த மாதிரி. கிரேன் கூண்டும் ஒரு சின்ன அறைதான், தெரியும். ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி, அக்கா. அதில் ஏறுவதற்கு ஒரு ஏணி இருக்கிறது, இறங்குவதற்கு ஒரு நேரம் இருக்கிறது.

உன் லீவு கதையை நான் நம்பவில்லை. மூன்று வருடமாகவா ஒருத்திக்கு லீவு கிடைக்காது? ஏன் வரமாட்டேன் என்கிறாய்? உப்பைப் பற்றி எழுதினாயானால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

தங்கை


பிப்ரவரி 5

வாலு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

லீவு கிடைக்கும். நான் இதுவரை கேட்கவே இல்லை.

நான் இந்த வேலைக்குக் கிளம்பின நாள் உனக்குத் தெரியும். காலையில் நீ உன் வேலைக்குப் போய்விட்டாய். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். முந்தின நாள் முழுக்கச் சண்டை, அதுவும் உனக்குத் தெரியும். ‘அவ்ளோ தூரம் போய்த்தான் ஆகணுமா? இங்க இருக்கறதெல்லாம் வேலையாத் தெரியலையா உனக்கு?’ என்று அவள் கேட்டதும், நான் ‘உன் மணிச் சத்தத்துக்கு எழுந்து மணிச் சத்தத்துக்குப் படுத்து எனக்குப் போதும்மா’ என்று சொன்னதும்.

பெட்டியைக் கட்டிவிட்டு வந்தேன். அம்மா நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ‘அம்மா, போயிட்டு வரேன்’ என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். வாய் கோணிக்கொண்டிருந்த மாதிரி பக்கவாட்டில் தெரிந்தது. உதட்டைப் பிதுக்குகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் உம்மென்று இருப்பது நமக்குத் தெரியாததா? ‘சரி, இரு உம்முனு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். அப்போது பதினொன்றேகால்.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றிருந்தால் போதும். நான்கு அடி. அந்த நான்கு அடியை நான் எடுத்து வைக்கவில்லை.

நீ வந்து பார்த்தது மூன்றேகாலுக்கு என்று போனில் சொன்னாய். பக்கவாதம் வந்த முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டு வந்திருந்தால் கையையும் பேச்சையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாய். நான் இங்கே விடுதியில் பெட்டியைப் பிரித்துக்கொண்டே அதைக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தேன், கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். கிளம்பின காலையில் பார்த்த அதே முகம். உள்ளே வர முடியவில்லை.

தூங்கும் அறையில் என் வேலையைச் சொன்னேன் அல்லவா, எது சத்தமில்லாமல் இறுகிவிட்டது என்று பார்ப்பது. இந்த வேலையில் நான்தான் கெட்டிக்காரி என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா? அதுதான் எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பாத்திரத்தில் தண்ணீர் வற்றி ஒரு பை கருகிப்போய்விட்டது. வீடெல்லாம் நாற்றம். அம்மா ‘போ, போ’ என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் காதில் விழவே இல்லை.

நாலைந்து நாளாக உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. நான்கு அடி! அந்த நான்கு அடிக்குத்தான் நான் மூன்று வருடமாக இந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா? உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். கம்பவுண்டர் மாமா வந்து ‘என்னம்மா, யார்கூடப் பேசிக்கிட்டு இருக்கே?’ என்று கேட்டார்.

பிறகு ஒன்று சொல்லவேண்டியதாகிறது. எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ மட்டும் நல்லவளாகிவிடுவாய்.

அன்றைக்கு எனக்கு வேலை முடிந்தது ஒன்றரைக்கு. வீட்டுக்கு இருபது நிமிட நடை. நான் மூன்றேகாலுக்கு வந்தேன். நடுவில் எங்கே போனேன் என்று இத்தனை வருடத்தில் நீ கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய கட்டடம் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேன் ஒரு இரும்பு உத்தரத்தை மேலே கொண்டுபோனது. காற்றில் அது ஆடினபோது மேலே கூண்டில் இருந்த ஆள் அதைக் கொஞ்சங்கொஞ்சமாக அடக்கி, சரியான இடத்தில், பூ வைக்கிற மாதிரி வைத்தான். ஒன்று பார்த்தேன். இன்னொன்று பார்க்கலாம் என்று நின்றேன். ஒன்றேகால் மணி நேரம் ரோட்டோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இரண்டு மணிக்கு வந்திருந்தால் மூன்று மணி நேரம் ஆகியிருக்காது.

நான் நல்ல பெண் என்று எல்லாரும் சொல்கிறார்கள், மூன்று வருடமாக முகம் சுளிக்காமல் அம்மாவைப் பார்க்கிறாளே என்று. நல்ல பெண்ணும் இல்லை ஒன்றும் இல்லை. வெளியே போக எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விண்ணப்பத்தைப் போட்ட அன்றைக்கும் அம்மா காலடியில் உட்கார்ந்து எங்கே போயிருந்தேன் என்பதைச் சொல்லி அழுதேன். அவள் என் தலையைப் பிடித்துத் தள்ளி, ‘போ’ என்றாள். திட்டினாளா, போகச் சொன்னாளா, இன்னும் தெரியவில்லை. போகச் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே நீ வா. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது தனிக்கணக்கு. மார்ச் 3 காலை பத்து மணி பஸ்ஸை விட்டால் ஐந்து மணிக்குள் என்னால் போய்ச் சேர முடியாது. முந்தின நாளே வந்துவிடு.

வாலு


பிப்ரவரி 20

வாலு,

ஒரு வருட விடுப்பு கேட்டேன். மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கொடுத்துவிட்டார்கள். ஆனால் மாதக் கடைசியில் நான் உள்ளே வைக்கவேண்டிய கடைசித் தொகுப்பு தூங்கும் அறையிலிருந்து வெளியே வருவது மார்ச் 3 காலை எட்டு மணிக்கு. கெஞ்சிப் பார்த்தேன், அதை உள்ளே வைக்க வேறு ஆள் இல்லையாம். உள்ளே வைத்தவர்தான் எடுக்கவேண்டும், அதில் மட்டும் மாற்றமே கிடையாது என்றுவிட்டார்கள். எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் வீட்டு வாசலில் இரண்டு மணிக்கு நிற்பேன்.

நீ பத்துக்குக் கிளம்பவேண்டும். நான் இரண்டுக்கு வருகிறேன். இடையில் நான்கு மணி நேரம்.

வேறு எந்த அளவாக இருந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் நான்கு மணி நேரமா என்று இருக்கிறது. கம்பவுண்டர் மாமாவைக் கேட்டுப் பார்க்கிறாயா? வேறு யாரையாவது? ஒன்றும் சரிப்படவில்லை என்றால் நீ போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. போ என்று சொல்லவும் இல்லை. நீயே முடிவு செய்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

கம்பவுண்டர் மாமா மகளுக்குப் பிரசவம், அவர் ஊரில் இல்லை. ஆள் வைத்துப் பார்த்தேன். வந்தவளைக் கண்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. அந்த அம்மாளும் எத்தனை நேரம்தான் கரண்டியோடு நிற்பாள், போய்விட்டாள்.

ஆகவே நானே யோசித்தேன். உன் பைதான்.

அம்மாவுக்குக் கடிகாரம் புரியாது. ஆனால் சூடும் ஆறுவதும் புரிகிறது. பெரிய பை ஒன்று ஒன்றரை மணி நேரம் என்றாய் அல்லவா? மூன்று பை என்றால் நான்கரை மணி நேரம். அரை மணி நேரம் உன் பஸ்ஸுக்கு. நான்கு நாளாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் பையை நான் அமுக்கி மடியில் வைப்பேன். அது ஆறினதும் அவளே அடுத்ததை எடுக்கவேண்டும். இடது கட்டை விரலில் பலம் போதவில்லை. இரண்டு நாள் தோற்றாள். மூன்றாம் நாள் பையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். ‘டக்’! என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்க்கவேண்டுமே! பள்ளிக்கூடமே அவள் மணிக்கு அடங்கினபோதுகூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

‘ஒண்ணு ஆறும். ரெண்டு ஆறும். மூணாவது ஆறுறப்ப அக்கா வந்துடுவா’ என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். ‘அக்கா’ என்றதும் முகம் திரும்பிவிட்டது. புரிந்ததா, கோபமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

மூன்று பையையும் இருபது நிமிடம் கொதிக்க வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூலை மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு புள்ளி இல்லை. உன்னைப்போல் கையெழுத்துப் போடாததுதான் பாக்கி.

சாவி மின்சார மீட்டர் பெட்டிக்குள். மாத்திரை அட்டவணை ப்ரிட்ஜ் கதவில். அம்மாவை நாற்காலியில் சாய்த்து, சுற்றித் தலையணை வைத்துவிட்டுப் போவேன், விழமாட்டாள். குடிக்கத் தண்ணீர் உறிஞ்சுகுழாயோடு இடது பக்கம்.

பயமாக இருக்கிறது, அக்கா. கதவைப் பூட்டிவிட்டு இறங்குவேனா, பாதிப் படியில் திரும்பிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு மணிக்கு வந்துவிடு. தயவுசெய்து இரண்டு மணிக்கு வந்துவிடு.

வாலு


மார்ச் 3, மாலை

என் வாலு,

பயிற்சி விடுதி முகவரிக்கு எழுதும் முதல் கடிதம். நீ போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அனுப்பிய ஒருவரிச் செய்தி கிடைத்தது. ‘அம்மா எப்படி’ என்று கேட்டிருந்தாய். ‘நலம், எழுதுகிறேன்’ என்று மட்டும் பதில் போட்டேன். போனில் சொன்னால் மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். அதனால் முழுசாகப் படி.

நான் இரண்டு மணிக்கு வரவில்லை.

வழியில் பஸ் நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து புகை. மாற்று பஸ் வருகிறது வருகிறது என்றே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. வெயிலில் ரோட்டோரம் பெட்டியோடு நின்றேன். கையில் போன் இருந்தது. உனக்குப் பேச நம்பரை எடுத்தேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. கூப்பிட்டிருந்தால் நீ பாதி வழியில் இறங்கித் திரும்பியிருப்பாய். எனக்குத் தெரியும், நீ திரும்பியிருப்பாய். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே. அந்த நேரத்தில் மூன்றாவது பை ஆறிக்கொண்டிருக்கும் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. மூன்றாவதும் ஆறின பிறகு அம்மா என்ன நினைப்பாள்? அன்றைக்கும் அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். அன்றைக்கும் நான் பஸ்ஸில்தான் இருந்தேன்.

கதவைத் திறந்தபோது நான்கு இருபது.

அம்மா நாற்காலியில் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. கதவுப் பக்கம் திரும்பவில்லை. ‘அம்மா’ என்றேன். பதில் இல்லை. ‘அம்மா, நான்தான்’ என்றேன். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. வாலு, அதே நாற்காலி, அதே பக்கம், அதே சாய்வு. என் கால் இரண்டும் வாசலில் ஒட்டிக்கொண்டன.

பிறகு பெட்டியைப் போட்டுவிட்டு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். நான்கு அடிதான். மண்டி போட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கண், வாய், உதட்டின் இரண்டு ஓரமும், ஒவ்வொன்றாக. தூங்கும் அறையில்கூட நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

கோபம். வெறும் கோபம்தான்! மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். நான் அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் வந்தேன். இப்படி மூன்று தடவை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகினது.

அப்போதுதான் அவள் மடியைப் பார்த்தேன். இரண்டு பை வெள்ளையாக இறுகி, ஜில்லென்று கிடந்தன. மூன்றாவது அவள் இடது கையில். தண்ணீராகவே இருந்தது. அமுக்கவில்லை. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், விரல்களெல்லாம் சில்லிட்டிருந்தன. இரண்டாவது ஆறி மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டே சூடில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

‘ஏம்மா, ஏன் அமுக்கல? கை வரலையா?’ என்று கேட்டேன்.

அம்மா பையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். ‘இருக்கு’ என்றாள். எனக்குப் புரியவில்லை. எரிச்சலோடு இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினாள். ‘இருக்கு... இருக்கு.’

மூன்றாவது ஆறும்போது அக்கா வந்துவிடுவாள் என்று நீதானே சொன்னாய்? அது ஆறாத வரைக்கும் நான் வராமல் போனதாக ஆகாது. நான் வர இன்னும் நேரம் ‘இருக்கு’. இருபத்தாறு வருடம் ஒரு நிமிடம் தவறாமல் மணி அடித்தவள், எனக்காக இன்றைக்கு அடிக்காமல் வைத்திருந்தாள்.

அன்றைய காலையைப் பற்றி அவள் மடியில் முகத்தை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உம்மென்று இருக்கிறாய் என்று நினைத்தேன் என்று சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, வாலு. கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் கண் சொன்னது. ‘வேணாம்’ என்றாள். மன்னிப்பு வேண்டாம் என்றாளா, அந்தப் பேச்சு வேண்டாம் என்றாளா, தெரியவில்லை. நீ உன் ‘போ’வை வைத்துக்கொண்டதுபோல நானும் இதை வைத்துக்கொள்கிறேன்.

பிறகு கைப்பிடியில் பையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். ‘டக்’. வெள்ளை கிளம்பிப் பரவினதும், நான் அவள் மடங்கின வலது கைக்குக் கீழே அதை வைக்கப் போனேன். தட்டிவிட்டாள். என் இரண்டு கையையும் இழுத்து, பையை அதில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பயத்தில் என் கை சில்லென்று இருந்திருக்கும்.

இப்போது தூங்குகிறாள். உன் ஆணியைப் பார்த்தேன். நீ சொன்னதைவிட மோசம். இனி ஒரு வருடம் எனக்கும் அதற்கும்தான். நாளைக்குக் கடிகாரத்தைப் பரணிலிருந்து இறக்கிவிடுகிறேன், அவளுக்கு இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டும். நீ மேலே ஏறின முதல் நாள் என்னென்ன தெரிந்தது என்று ஒன்று விடாமல் எழுது, அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

பை என் மடியில் இருக்கிறது. இன்னும் ஆறவில்லை.

அக்கா